ஃபோகஸ் எங்கே நிற்கணும்?

போன செமஸ்டர் நம்ம ஃபோட்டோ கிளப் கண்காட்சிக்கு நான் ஒரு படம் கொடுத்திருந்தேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் காலை ஆறு மணிக்குத் தோசைக்கல் முன்னாடி நிற்கிற மாஸ்டர். கல்லிலிருந்து ஆவி ஏறுது, ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் பாதிக்கு மட்டும் விழுது. எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். அதைப் பார்த்த சீனியர் ஒருத்தர், ஷார்ப்பா இல்லையே, கிட் லென்ஸா என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போயிட்டார்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. செகண்ட் ஹேண்ட் லென்ஸ் விலை பார்த்துக்கிட்டே இருந்தேன். வேலை கிடைச்சு முதல் சம்பளம் வந்ததும் இது, மூணாவது சம்பளத்தில் அது என்று கணக்கு போட்டேன். பழைய லென்ஸ் எப்படி இருக்கும் என்று தேடப் போய், 150 வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஒரு அம்மாவின் கதையில் மாட்டிக்கிட்டேன். அவர் படங்களையும் ஷார்ப்பா இல்லை என்றுதான் திட்டினார்களாம். அவர் பேர் ஜூலியா மார்கரெட் கேமரூன். பேரிலேயே கேமரா இருக்கு என்று சிரிக்காதீங்க, அது கணவர் வழியாக வந்த பேர்.

48 வயசில் ஒரு பெட்டி

ஜூலியா பிறந்தது 1815-ல், நம்ம கல்கத்தாவில். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, அம்மா பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண். படிப்பு பெரும்பாலும் பிரான்சில். 1836-ல் உடம்பு தேறுவதற்காக ஆப்பிரிக்காவின் தென்முனைக்குப் போன இடத்தில் இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர் சார்லஸ் ஹே கேமரூன், அவரைவிட 20 வயது பெரியவர், சட்ட அறிஞர். 1838-ல் கல்கத்தாவில் இருவருக்கும் திருமணம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவைத் தயாரித்த சட்டக் கமிஷனில் இந்தச் சார்லஸும் ஓர் உறுப்பினர்.

இன்னொருவர் ஜான் ஹெர்ஷல். தென்வானத்து நட்சத்திரங்களைப் பதிவு செய்ய வந்திருந்த வானியல் விஞ்ஞானி. ஃபோட்டோகிராஃபியில் ஹைப்போ என்று சொல்கிறோமே, அந்த உப்பு வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்கும் என்று கண்டுபிடித்தவர் இவர். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களை ஃபோட்டோவுக்குக் கொண்டு வந்தவரும் இவர்தான். ஃபோட்டோகிராஃபி பிறந்த புதிதில் கல்கத்தாவில் இருந்த ஜூலியாவுக்குச் சில மாதிரிப் படங்களை அனுப்பி வைத்தார். ஆனால் அதைப் பார்த்த ஜூலியா உடனே கேமரா வாங்கிவிடவில்லை. நடுவில் இருபது வருஷத்துக்கு மேல் போய்விட்டது.

1848-ல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. 1860-ல் வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடலோர ஊரில் வீடு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கவிஞர் டென்னிசன். வீட்டுக்கு டிம்போலா என்று பேர் வைத்தார்கள். அது இலங்கை மலைநாட்டில் இருக்கும் ஓர் இடத்தின் பேர். சார்லஸுக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அந்தத் தோட்டங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க, கடைசியில் அங்கேதான் போகப் போகிறோம்.

1863 டிசம்பர். பிள்ளைகள் வளர்ந்தாச்சு, கணவர் தோட்டத்தைப் பார்க்க இலங்கை போயிருக்கிறார். வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டுமே என்று மகளும் மருமகனும் ஒரு மரப்பெட்டிக் கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு 48 வயசு. லைட்டை எங்கிருந்து விடணும், பெட்டியை எங்கே வைக்கணும், எதுவுமே தெரியாது.

கோழிக் கூண்டு ஸ்டுடியோ

இப்போது கியர் பற்றிச் சொல்லியே ஆகணும். கேமரா என்பது ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் இரண்டு மரப்பெட்டிகள். முன்னால் பாரிஸில் ஜாமின் என்பவர் செய்த லென்ஸ். அது பெட்ஸ்வால் டிசைன். நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும், நடுவில் நன்றாகத் தெரியும், ஓரம் போகப் போகக் குழம்பிவிடும். நெகட்டிவ் என்பது 11-க்கு 9 அங்குலக் கண்ணாடித் தகடு.

கோழிக் கூண்டைக் காலி செய்து கண்ணாடி ஸ்டுடியோ ஆக்கினார். நிலக்கரி போட்டு வைக்கும் அறை டார்க் ரூம் ஆனது. கோழிகளை வெட்டவில்லை, விடுதலை செய்தாராம்.

ஒரு படம் எடுக்க என்ன பண்ணணும் என்று பாருங்க. முதலில் கண்ணாடியைத் தூசி இல்லாமல் துடைக்கணும். கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை அதன் மேல் ஊற்றி, நான்கு மூலைக்கும் சாய்த்துச் சாய்த்துப் பரப்பணும். ஈதரும் ஆல்கஹாலும் கலந்தது, வாசனையே தலையைச் சுற்றும். பிறகு இருட்டில் சில்வர் நைட்ரேட் தொட்டியில் முக்கணும். சொட்டச் சொட்ட எடுத்து கேமராவில் மாட்டி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஓடிப் போய் டெவலப் பண்ணணும். மொத்தம் சில நிமிஷங்கள்தான் டைம். அப்புறம் ஃபிக்ஸ் பண்ணி, கழுவி, காய வைத்து, வார்னிஷ் பூசணும். அதுக்குப் பிறகுதான் தகட்டைப் பேப்பர் மேல் வைத்து வெயிலில் பிரிண்ட். ஒவ்வொரு பிரிண்டையும் கழுவ மட்டும் கிணற்றிலிருந்து ஒன்பது பாத்திரம் தண்ணீர் பிடித்து வரணும்.

சில்வர் நைட்ரேட் பட்டால் தோல் கறுத்துப் போகும். அவர் கை, துணி, வீட்டு மேஜை விரிப்பு எல்லாம் கறுப்புக் கறை. ஃபிக்ஸ் பண்ண அவர் பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைடு. அது கையில் தாராளமாக ஓடுகிறது என்று தெரிந்து, ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி ஹெர்ஷல் பதறிப்போய்க் கடிதம் எழுதினார். நம்ம கெமிஸ்ட்ரி லேப் இன்சார்ஜ் பார்த்திருந்தால் உள்ளேயே விட்டிருக்க மாட்டார்.

முதல் படம் என்ன ஆச்சு தெரியுமா? ஊரில் ஒரு விவசாயியைக் காசு கொடுத்து உட்கார வைத்து எடுத்தார். படமும் வந்தது. வந்த சந்தோஷத்தில் ஈரமாக இருந்த பக்கத்தையே கையால் தேய்த்துவிட்டார். மொத்தமும் அழிந்து போனது. இன்னொரு தகட்டில் இரண்டு குழந்தைகள், பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள், முக்கால்வாசி முடிந்த நேரத்தில் ஒரு குழந்தை சிரித்துவிட்டது. அதுவும் போச்சு.

1864 ஜனவரியில் ஆனி ஃபில்பாட் என்ற சிறுமி ஆடாமல் உட்கார்ந்தாள். படம் வந்தது. அன்றைக்கே பிரிண்ட் போட்டு, ஃபிக்ஸ் பண்ணி, ஃப்ரேமும் மாட்டி அந்தச் சிறுமியின் அப்பா கையில் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் அது அவருடைய முதல் வெற்றி என்று அறியப்படுகிறது. கோட்டுப் பித்தான் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது போல இருக்கும்.

திட்டும், பதக்கமும்

அந்தக் காலத்து ஃபோட்டோகிராஃபி சங்கங்களுக்கு ஷார்ப்னஸ்தான் எல்லாம். சட்டை நூல்கூட எண்ணுகிற மாதிரி இருக்கணும். ஜூலியாவின் படங்களில் கண் தெரியும், காது கரைந்திருக்கும். கண்ணாடியில் கைரேகை, தூசி, கீறல், ஊற்றின திரவம் சுழித்த அடையாளம் எல்லாம் இருக்கும். லண்டன் பத்திரிகைகள் அவரைத் தொழில் தெரியாதவர் என்று தாளித்தன. அதே சமயம் ஓவியர்கள் கொண்டாடினார்கள். 1866-ல் பெர்லின் கண்காட்சியில் தங்கப் பதக்கமும் கிடைத்தது.

உண்மையைச் சொன்னால் திட்டியவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஃபோகஸ் தப்பியது தற்செயல்தான். இதை அவரே 1874-ல் எழுதத் தொடங்கிப் பாதியில் விட்ட வாழ்க்கைக் குறிப்பில் ஒத்துக்கொள்கிறார். ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே போகும்போது ஓர் இடத்தில் கண்ணுக்கு அழகாகப் பட்டது, அங்கேயே நிறுத்திக்கொண்டார். இன்னும் திருப்பினால் ஷார்ப் ஆகும் என்று தெரியும். ஆனாலும் திருப்பவில்லை.

இது சமாளிப்பா, இல்லை நிஜமாகவே முடிவா? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. விடை அவருடைய அடுத்த கேமராவில் இருக்கு. நம்மைப் போல அவரும் அப்கிரேட் பண்ணினார். 1866-ல் வாங்கியது 15-க்கு 12 அங்குலத் தகடு போடுகிற பெரிய கேமரா. தகடு ஏறக்குறைய நம்ம ஏ3 பேப்பர் சைஸ். லென்ஸ், டால்மேயர் கம்பெனியின் ரேபிட் ரெக்டிலினியர். அப்போது வந்த லென்ஸ்களில் நல்ல துல்லியமான ஒன்று. ஷார்ப் வேண்டும் என்றால் இப்போது தாராளமாக எடுத்திருக்கலாம். அவர் என்ன பண்ணினார் என்றால், ஆளுக்கு இன்னும் கிட்டே போனார். தலை மட்டும் தகடு முழுக்க, ஏறக்குறைய நிஜ அளவில்.

ஆப்டிக்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும். ஃபோக்கல் லென்த் அதிகம், தூரம் குறைவு என்றால் டெப்த் ஆஃப் ஃபீல்ட் சுருங்கிவிடும். மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவில் எங்கே ஃபோகஸ் வைப்பது என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகணும். மற்றதை விட்டுத்தான் ஆகணும். அதோடு கொலோடியனுக்கு நீல வெளிச்சம்தான் நன்றாகத் தெரியும், வேகமும் கம்மி. ஸ்டுடியோவில் வெளிச்சத்தைக் குறைத்து, மூன்று முதல் ஏழு நிமிஷம் வரை ஆளை உட்கார வைப்பார். அத்தனை நேரம் யாராலும் சிலை மாதிரி இருக்க முடியாது. மூச்சு விடுகிற அசைவும் அந்தத் தகட்டில் சேர்ந்துவிடும்.

1867-ல் ஹெர்ஷலை அவர் வீட்டிலேயே போய் எடுத்தார். தலைமுடியைக் கழுவச் சொல்லி, அதைக் கலைத்து விட்டு, கறுப்புப் பின்னணியில் முகம் மட்டும். கண்கள் எங்கோ தூரத்தில். பின்னால் தொலைநோக்கி இல்லை, புத்தக அலமாரி இல்லை. பார்த்தாலே இந்த மனுஷன் வாழ்க்கை முழுக்க வானத்தைப் பார்த்தவர் என்று தோன்றும். அடுத்த வருஷம் விடுமுறைக்கு அந்த ஊருக்கு வந்த சார்லஸ் டார்வினையும் எடுத்தார். பாடப்புத்தகத்தில் நாம் பார்க்கும் தாடிக்கார டார்வின் படங்களில் அதுவும் ஒன்று.

எந்தத் தப்பை வச்சுக்கறது

எனக்கு இந்தக் கதையில் ரொம்ப முக்கியமாகப் பட்ட விஷயம் இதுதான். ப்ளர், கைரேகை, சுழிப்பு இதற்கெல்லாம் ஜூலியா யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் 1869-ல் அவருடைய நல்ல நல்ல நெகட்டிவ்களில் மெல்லிய வெடிப்புகள் வர ஆரம்பித்தன. சிலந்தி வலை மாதிரி முகத்துக்குக் குறுக்கே கோடுகள். அப்போது அவர் இதுவும் அழகுதான் என்று சொல்லிக்கொண்டு உட்காரவில்லை. தன்னைக் கிண்டல் செய்த அதே லண்டன் சங்கத்திடம் தகடுகளைக் கொண்டுபோய் இது ஏன் என்று கேட்டார். கழுவியது போதவில்லையா, கெமிக்கல் சரியில்லையா, கடற்காற்றின் ஈரமா என்று பல சந்தேகங்கள் எழுந்தன. அவர் தவித்துப் போய் நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார்.

ஆக, அவருக்கு எல்லாத் தப்பும் ஒன்று இல்லை. படத்துக்கு உயிர் கொடுக்கிற தப்பு வேறு, படத்தையே தின்கிற தப்பு வேறு. முதலாவதை வைத்துக்கொண்டார், இரண்டாவதை எதிர்த்துச் சண்டை போட்டார். பிரித்துப் பார்க்கத் தெரிந்ததுதான் அவர் வளர்ச்சி என்று நினைக்கிறேன். நம்ம ஆட்களில் பாதிப் பேர் எல்லாத் தப்பையும் ஸ்டைல் என்கிறோம். மீதிப் பேர் எல்லாத் தப்புக்கும் லென்ஸைக் குறை சொல்கிறோம். நான் இரண்டாவது கோஷ்டி.

இன்னொன்று, அமெச்சூர் என்றால் விளையாட்டுக்கு எடுப்பவர் என்று நினைத்துவிடாதீங்க. எடுத்த படங்களில் ஐந்நூறுக்கும் மேல் காப்பிரைட் பதிவு செய்தார். லண்டனில் ஒரு பெரிய படக்கடை மூலம் விற்றார். இன்று விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்று சொல்கிறோமே, அது 1865-லேயே அவர் படங்களை வாங்கியது. 1868-ல் அங்கேயே இரண்டு அறைகளை ஸ்டுடியோவாகக் கொடுத்தது. காப்பித் தோட்டங்களிலிருந்து வரும்படி சரியாக வராத குடும்பம், பணத்தேவையும் இருந்தது. பெரிய லாபம் மட்டும் கடைசி வரை வரவில்லை.

பேர் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும்

அவர் கேமரா முன் உட்கார்ந்தவர்களில் பாதி உலகப் புகழ் பெற்றவர்கள். மீதி வீட்டுப் பணிப்பெண்கள், ஊர்க் குழந்தைகள். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண் அவர் படங்களில் திரும்பத் திரும்ப மாதாவாக வருவார். மேரி ரயன் என்ற இன்னொரு பெண், சின்ன வயசில் தெருவில் அம்மாவோடு பிச்சை எடுத்தவள். ஜூலியா வீட்டுக்குக் கூட்டி வந்து தன் பிள்ளைகளோடு படிக்க வைத்தார், பிறகு பணிப்பெண்ணாகவும் மாடலாகவும் இருந்தாள். லண்டன் கண்காட்சியில் அவள் படத்தைப் பார்த்து மனசைப் பறிகொடுத்த இளைஞர் ஒருவர் 1867-ல் அவளையே கல்யாணம் பண்ணிக்கொண்டார். அவர் ஹென்றி காட்டன். பிறந்த ஊர் நம்ம கும்பகோணம்! வங்காளத்தில் ஐ.சி.எஸ். அதிகாரியாக வேலை பார்த்து, 1904-ல் இந்திய தேசிய காங்கிரஸின் தலைவராகவும் இருந்தவர். ஒரு ஃபோட்டோ எங்கிருந்து எங்கே கொண்டு போய் விடுது பாருங்க.

1873-ல் அந்த முதல் கேமராவைக் கொடுத்த மகள் பிரசவத்தில் இறந்துபோனாள். 1875-ல் ஜூலியாவும் கணவரும் இங்கிலாந்தைவிட்டு இலங்கைக்கே போய்விட்டார்கள். பிள்ளைகள் சிலர் அங்கே இருந்தார்கள், செலவும் குறைவு. திரும்பி வரப் போவதில்லை என்று தெரிந்தோ என்னவோ, கையோடு இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டு போனதாகச் சொல்வார்கள்.

இலங்கையில் அவர் கடற்கரை ஊரான களுத்துறையில் இருந்தார். அந்தச் சூட்டில் கொலோடியன் சீக்கிரம் காய்ந்துவிடும். நல்ல தண்ணீர், கெமிக்கல் எல்லாமே சிரமம். வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் படங்கள் எடுத்தவருக்கு, இலங்கைக் காலத்தில் எடுத்ததில் மிஞ்சியிருப்பது முப்பதுக்கும் குறைவு. 1877-ல் அங்கே வந்த ஓவியர் மரியான் நார்த்தை எடுத்த படங்களில் அவர் பேர் இருக்கிறது. உள்ளூர் மக்களை எடுத்த படங்களில் களுத்துறைக் கிராமத்தார் என்பது போன்ற தலைப்புதான் இருக்கிறது. ஆட்கள் பேர் இல்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் பண்ணாமல் நின்றுவிட்டேன். இலங்கைக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம்ம ஊர் ஆட்கள். மதராஸ் மாகாணத்தின் தெற்கு மாவட்டங்களிலிருந்து தோணியில் கடல் தாண்டி, மன்னார்க் காட்டு வழியாக மலைநாடு வரை நடந்தே போனவர்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். அவர்கள் பறித்த காப்பியின் வரும்படியில் ஒரு பங்கு ஃப்ரெஷ்வாட்டர் வீட்டுக்கும் போனது. வீட்டுக்கு வைத்த பேரே அந்த மலையிலிருந்து வந்ததுதானே. டார்வினின் தாடி முடி ஒவ்வொன்றையும் கவனித்த அதே கண், இந்த மக்களின் முகத்தையும் அழகாகத்தான் பார்த்தது. பேரை மட்டும் கேட்டு எழுதவில்லை. அவரைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரிடம் எனக்கு ஷார்ப்பா இல்லை என்று தோன்றிய ஒரே இடம் இதுதான்.

1879 ஜனவரி 26-ல், 63 வயசில், ஜூலியா இலங்கையில் காலமானார். பொகவந்தலாவையில் ஒரு சின்ன மாதா கோயில் கல்லறையில் கணவரோடு இருக்கிறார். 1869-ல் வந்த இலைநோயில் காப்பி அழிந்தது, பிறகு அந்த மலை முழுக்கத் தேயிலை. கொழுந்து பறிப்பது இன்றைக்கும் தமிழ் பேசுகிற மலையக மக்கள். கொஞ்ச காலம் அவரை உலகம் மறந்தது. 1926-ல் அவருடைய தங்கை மகளின் மகள், எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப், ஒரு கலை விமர்சகரோடு சேர்ந்து அவர் படங்களைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். பன்னிரண்டு, பதினைந்து வருஷ வேலைதான். அதுவும் 48-க்கு மேல். நமக்கு 21-லேயே எல்லாம் லேட் ஆகிவிட்ட மாதிரி ஒரு பதற்றம்.

லென்ஸ் வாங்கலையா என்று கேட்டால், இன்னும் இல்லை. என் படத்தைத் திரும்ப எடுத்து நிதானமாகப் பார்த்தேன். ஆவியில் மாஸ்டரின் ஒரு பக்கம் கரைந்திருப்பது எனக்குப் பிடிச்சிருக்கு, அதை வச்சுக்கறேன். கை ஆடியதால் அவர் கண் இரண்டாகத் தெரிவது எனக்குப் பிடிக்கல. அது என் தப்பு, ஷட்டர் ஸ்பீடைக் கூட்டியிருக்கணும். இதற்குப் புது லென்ஸ் தேவையே இல்லை.

அப்புறம் இன்னொன்றும் கவனிச்சேன். கண்காட்சியில் அந்தப் படத்துக்கு நான் வைத்திருந்த தலைப்பு, உழைப்பு. நாலு வருஷமாக அவர் கையால் சாப்பிடுகிறேன், மாஸ்டர் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். போன வாரம் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, அண்ணே, உங்க பேர் என்ன என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, என் மூஞ்சி பாதிதான்பா இருக்கு என்றார். பிரிண்டின் பின்னால் அவர் பேரையும் தேதியையும் பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். மேகசின்ல எல்லாம் போடாதே என்று சொன்னதால் இங்கே எழுதவில்லை. வீட்டுக்கு அனுப்பப் போறாராம். அதுக்கு முழு முகமும் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுத்துத் தரணுமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுப்பதாகப் பேச்சு.